கயிற்றில் இறங்கிய பொட்டலம்

மார்ச் 4, புதன்

இன்று என்னைத் தரையில் இறக்கிவிட்டார்கள். இருபது வருஷமாக டவர் கிரேன் ஓட்டுகிறவனை, கையில் ஒரு பட்டையைச் சுற்றி, நாலு தடவை காற்றடித்து, "நீங்க இப்போதைக்கு மேல போக முடியாது" என்று சொல்லிவிட்டார் டாக்டரம்மா. வருஷத்துக்கு ஒருமுறை கம்பெனி நடத்துகிற உடல் பரிசோதனை. வழக்கமாகப் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். நாக்கை நீட்டு, இருமு, முத்திரை, போ. இந்த வருஷம் ரத்த அழுத்தம் 172க்கு 106.

"மெஷின் பழசா இருக்கும். இன்னொரு தடவ பாருங்க," என்றேன். பார்த்தார். 174. வாயைக் கொடுத்து வாங்கிக்கொண்ட இரண்டு அது.

"தலை சுத்தல், நெஞ்சு வலி ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல டாக்டர். குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்."

"இந்த வியாதி சொல்லிட்டு வராதுங்க. குடும்பத்துல யாருக்காவது மாரடைப்பு, பக்கவாதம் வந்திருக்கா?"

"மாமனாருக்கு வந்துச்சு. கையும் காலும் விழுந்து நாலு வருஷம் படுக்கைல இருந்தார்."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மாமனார் ரத்தம் உங்க உடம்புல ஓடாதுங்க. உங்க அப்பா அம்மாவைக் கேட்டேன்."

என் அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. இன்னும் சைக்கிளில்தான் கடைக்குப் போகிறார். நர்ஸ் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் சர்டிபிகேட் கிடைக்கவில்லை. இரண்டு வாரம் கீழே வேலை. தினம் காலையில் ஒரு மாத்திரை. உப்பு, பொரித்தது, பாக்கெட் தீனி எல்லாவற்றையும் குறைக்க வேண்டும். குறைந்தால் தற்காலிக அனுமதி. ஜூன் முதல் வாரத்தில் முழுப் பரிசோதனை. அதில் தேறினால்தான் கேபின்.

ஜூன் முதல் வாரம்! அப்போதுதான் எங்கள் கட்டடத்தின் கடைசி உத்தரம் உச்சிக்குப் போகப்போகிறது. அந்தக் கட்டடத்துக்கு முதல் வாளி கான்கிரீட்டைத் தூக்கியவன் நான். கடைசி இரும்பை வேறு ஒருவன் தூக்குவதா? நடக்காது. நடக்கவே நடக்காது.

மார்ச் 5, வியாழன்

வீட்டுக்காரியிடம் நம்பரைச் சொன்னேன். திட்டுவாள் என்று முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். திட்டவில்லை. உப்பு ஜாடியை எடுத்து மேல் அலமாரியில் வைத்தாள்.

"எங்க அப்பாவுக்குச் செஞ்சதை இன்னொரு தடவ என்னால செய்ய முடியாது," என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை.

சாயங்காலம் மச்சான் வந்தான். என் மனைவியின் தம்பி. எனக்கு சிக்னல்மேனும் அவன்தான். நான் உச்சியில் கேபினில் உட்கார்ந்திருப்பேன், அவன் தரையில் நிற்பான். என் கண்ணுக்குத் தெரியாத மூலையில் சரக்கை இறக்க வேண்டுமென்றால் அவன் கைதான் எனக்குக் கண். இடது கைக்காரன். வலது கையில் வாக்கி-டாக்கி, இடது கையில் சிக்னல். பதினோரு வருஷமாக அந்த இடது கையைப் பார்த்துதான் சோறு சாப்பிடுகிறேன்.

"மாமா, என்னைப் பாருங்க," என்று சட்டையைத் தூக்கி விலா எலும்பைக் காட்டினான். "ஈர்க்குச்சி. கொழுப்பு எங்க வந்து ஒட்டும்? உங்களை மாதிரி குண்டு ஆளுங்களுக்குத்தான் இதெல்லாம்." சொல்லிவிட்டு சிகரெட் பிடிக்க வாசலுக்குப் போனான்.

மார்ச் 7, சனி

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே. சொன்னவன் மகான். காலில் விழ வேண்டும்.

மார்ச் 10, செவ்வாய்

என் சீட்டில் நெட்டை. மாற்று ஆபரேட்டர், ஆறடிக்கு மேல், கேபினில் முழங்காலை மடக்கி வெட்டுக்கிளி மாதிரி உட்கார்ந்திருக்கிறான். நான் கிடங்கில் குழாய்களை நீளவாரியாகப் பிரித்து அடுக்குகிறேன். தலைக்கு மேல் என் கிரேன் சுற்றுகிறது. அண்ணாந்து பார்க்கக் கூடாது என்று காலையில் சபதம் எடுத்தேன். டீ நேரத்துக்குள் கழுத்து வலி வந்துவிட்டது.

சரக்கு குலுங்கக் குலுங்க வெட்டி வெட்டித் தூக்குகிறான். மச்சான் வாக்கி-டாக்கியில் "மேல... இன்னும் மேல... நிறுத்து" என்று மட்டும் சொல்கிறான். எனக்கென்றால் "வெண்ணெ மாதிரி, மாமா, வெண்ணெ மாதிரி" என்பான். நெட்டைக்கு வெண்ணெய் இல்லை. மனசு குளிர்ந்தது.

மார்ச் 18, புதன்

146க்கு 92! தற்காலிக அனுமதி! டாக்டரம்மா முத்திரை குத்துவதற்குள் ஹெல்மெட்டை மாட்டிவிட்டேன்.

"ஓடாதீங்க. மாத்திரையை நிறுத்தாதீங்க. தண்ணி குடிங்க," என்று பின்னாலிருந்து சொன்னார். சரி சரி சரி.

ஏணியில் ஏறினேன். நடுவில் இளைப்பாற ஒவ்வொரு மேடையிலும் நிற்பது வழக்கம். இன்று இரண்டு மேடையை விட்டுவிட்டேன்! கேபின் கதவைத் திறந்ததும் என் சீட்டின் வாசனை. நெட்டையின் தலையெண்ணெய் வாசனையும் கொஞ்சம். துடைத்தேன்.

மார்ச் 19, வியாழன்

பத்து மணிக்குக் கேபின் ஜன்னல் வழியாகக் கயிற்றை இறக்குவேன். மச்சான் அதில் ஒரு பையைக் கட்டுவான். பைக்குள் டீ பிளாஸ்க், கூடவே முனைக்கடை வறுவல் பொட்டலம், மிளகாய்த்தூளும் உப்பும் மேலே பனி மாதிரி தூவியது. தனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. பதினோரு வருஷப் பழக்கம். ஒருநாள் கூட என்னிடம் காசு வாங்கியதில்லை.

இன்று பொட்டலத்தைப் பையிலேயே வைத்து இறக்கிவிட்டேன்.

"மாமா, சரக்கு ரிட்டன் வருது?"

"உப்புடா."

"அட பாவமே. வீணாக்கக் கூடாது." மேலிருந்து பார்த்தேன். இரண்டு பொட்டலத்தையும் மடியில் வைத்துக்கொண்டு மணல் மூட்டைமேல் உட்கார்ந்து தின்றான். எனக்கு எச்சில் ஊறி வேலை ஓடவில்லை.

மார்ச் 23, திங்கள்

ஒரு சங்கடம். எழுதவே வெட்கம். இந்த மாத்திரையைப் போட்டால் அரை மணிக்கு ஒருதரம் ஒன்றுக்கு வருகிறது. கீழே இருந்தவரை தெரியவில்லை, கக்கூஸ் பக்கத்திலேயே இருந்தது. மேலே? எழுபது மீட்டர் ஏணியில் இறங்கி ஏறுவதற்குள் அடுத்தது வந்துவிடும். அதற்காகத்தான் எங்கள் தொழிலில் யாரும் வேலை நேரத்தில் தண்ணீரே குடிப்பதில்லை. இதில் மாத்திரை வேறா?

முடிவு செய்துவிட்டேன். வேலை நாளில் மாத்திரை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒழுங்காகப் போடுவேன். அதற்குப் பதிலாக வாய்க்கட்டு இன்னும் கடுமை. ஊறுகாய்க்கும் தடை. உணவே மருந்து என்று சொல்கிறார்களே, பார்த்துவிடலாம்.

மார்ச் 29, ஞாயிறு

தக்காளி இனிக்கிறது!

பைத்தியக்காரன் எழுதுவது போல இருக்கும். ஆனால் சத்தியமாக இனிக்கிறது. மத்தியானம் வெள்ளரிக்காயும் தக்காளியும் நறுக்கி, எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்தாள். உப்புக்குக் கை நீட்டப் போனவன் ஒரு துண்டை வாயில் போட்டேன். உள்ளே என்னமோ திறந்தது. புளிப்பு ஒரு பக்கம், இனிப்பு ஒரு பக்கம், கடைசியில் ஒரு பச்சை வாசனை. நாற்பத்தொன்பது வருஷமாக இதன்மேல் உப்பைக் கொட்டிக்கொண்டா இருந்தேன்!

பருப்பும் அப்படித்தான். கீரையும். பூண்டை வதக்கிப் போடுகிறாள், சீரகம் போடுகிறாள், உப்பு மட்டும் வாரா வாரம் ஒரு சிட்டிகை குறைகிறது. நாக்குக்கே தெரியாமல் நாக்கை ஏமாற்றுகிறாள். கெட்டிக்காரி. மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன்.

"மெதுவா. தக்காளி எங்கயும் ஓடிடாது," என்றாள். சிரித்தாள். இந்த மாதத்தில் முதல் சிரிப்பு.

ஏப்ரல் 4, சனி

நர்ஸ் அறையில் ஒரு படம் ஒட்டியிருக்கிறது. பக்கவாதம் வந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்று. சிரிக்கச் சொல்: வாய் ஒரு பக்கம் கோணுகிறதா? இரண்டு கையையும் தூக்கச் சொல்: ஒன்று இறங்குகிறதா? பேசச் சொல்: குழறுகிறதா? ஒன்று இருந்தாலும் ஒரு நிமிஷம் தாமதிக்காதே, ஆஸ்பத்திரி. நேரத்தைக் குறித்துக்கொள்.

ராத்திரிச் சாப்பாட்டுக்கு மச்சான் வந்திருந்தான். எல்லோருக்கும் பரீட்சை வைத்தேன். என் மனைவி சிரிக்க மறுத்தாள்: "உங்க மூஞ்சியைப் பாத்தா எப்படிச் சிரிப்பு வரும்?" மச்சான் இரண்டு கையையும் தூக்கினான். இடது கையில் ஆள்காட்டி விரலை நீட்டி வட்டமாகச் சுற்றினான். எங்கள் தொழிலில் அதற்கு "தூக்கு" என்று அர்த்தம். "மாமா, அந்தப் பருப்புக் கிண்ணத்தைத் தூக்குங்க. அதுல உப்பு போடலாம்."

சிரித்துச் சிரித்து எனக்குப் புரையேறியது.

ஏப்ரல் 15, புதன்

166க்கு 102.

அநியாயம்! ஒரு மாதமாக மாடு மாதிரி பச்சையாகத் தின்கிறேன். வறுவலைக் கண்ணால் பார்ப்பதோடு சரி. வாரத்தில் ஐந்து நாள் சாயங்காலம் நடக்கிறேன். பெல்ட்டில் ஒரு துளை உள்ளே போயிருக்கிறது. அப்புறம் எதுக்கு ஏறுது? யார்கிட்ட போய்ச் சொல்ல?

டாக்டரம்மா என்னையே பார்த்தார். "மாத்திரை?"

"போடறேன்."

"தினமுமா?"

கூரையைப் பார்த்தேன். கூரையில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏணி, தண்ணீர், ஞாயிற்றுக்கிழமை. கோபப்படுவார் என்று நினைத்தேன். பேனாவை வைத்துவிட்டு நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "இதை முதல்லயே கேக்காதது என் தப்பு. உங்க வேலையை விசாரிச்சேன், கக்கூஸ் எங்க இருக்குன்னு விசாரிக்கலையே!" மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். இது நீர் பிரிக்கிற ஜாதி இல்லையாம். "ஆனா ஒண்ணு. நல்ல சாப்பாடு மாத்திரைக்குத் துணை. மாத்திரைக்குப் பதில் இல்ல. ரெண்டும் சேர்ந்துதான் வண்டி இழுக்கும். அப்புறம், நாள் பூரா தண்ணி இல்லாம இருக்கறதும் நல்லதில்ல. பத்து மணிக்கு ஒரு தடவ, மூணு மணிக்கு ஒரு தடவ இறங்குங்க."

மேஸ்திரி ஒத்துக்கொள்ள மாட்டார் என்றேன். எந்நேரமும் வாயில் விசில் வைத்திருப்பதால் அவருக்குப் பெயர் விசில். டாக்டரம்மா என் முன்னாலேயே போன் போட்டார். அந்தப் பக்கம் விசில் கத்தியது எனக்கே கேட்டது: "ஒண்ணுக்குப் போறதுக்காக கிரேன் நிக்கணுமா?"

"கிரேன் நிக்கலாம். அவர் இதயம் நிக்கக் கூடாது," என்றார் டாக்டரம்மா. விசில் அடங்கிவிட்டது.

ஏப்ரல் 29, புதன்

138க்கு 86. தினம் இரண்டு தடவை ஏணியில் இறங்கி ஏறுகிறேன். இன்று அடியிலிருந்து கேபின்வரை ஒரே ஒரு மேடையில்தான் நின்றேன். அதுவும் ஷூ கயிறு அவிழ்ந்ததால்!

மே 9, சனி

சாயங்கால நடையில் என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். கல்யாணமான புதிதில் இப்படி நடந்தோம். அப்போது கையைப் பிடித்துக்கொள்வேன், இப்போது அவள் என்னை முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்து, "கிரேன்காரரே, வர்றீங்களா, ஆள் அனுப்பட்டுமா?" என்கிறாள். ஓடிப் போய்ப் பிடித்தேன். ஓடினேன்! நான்!

மச்சானையும் கூப்பிட்டேன். நாள் பூரா நின்று கால் வலிக்கிறதாம். "ஒரு தடவ நர்ஸ்கிட்ட கையை நீட்டுடா. அஞ்சு நிமிஷ வேலை."

"என்கிட்ட என்ன இருக்கு அளக்க? எலும்பு. எலும்புக்குப் பிரஷர் கிடையாது மாமா."

நர்ஸ் கூட ஒருநாள் பட்டையோடு துரத்தினார். கான்கிரீட் கலவை இயந்திரத்தின் பின்னால் ஒளிந்துகொண்டான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மே 20, புதன்

பொட்டலம் தினமும் ஏறுகிறது, தினமும் இறங்குகிறது. "பழக்கத்தை விடக் கூடாது மாமா, என்னைக்காவது மனசு மாறுவீங்க," என்கிறான்.

ஜூன் 3, புதன்

126க்கு 80!!

எழுந்து நின்று கும்பிட்டேன். சர்டிபிகேட்டை வாங்கியதும் நர்ஸிடம் காட்டினேன், விசிலிடம் காட்டினேன், வாசலில் காவலாளியிடம் காட்டினேன். நெட்டையிடம் காட்டினேன். அவன் முகம் கொஞ்சம் விழுந்தது, ஆனாலும் கை கொடுத்தான்: "வெள்ளிக்கிழமை நீங்கதான் தூக்கணும்ணே. நியாயம்." நல்லவன்தான். தலையெண்ணெயைத்தான் மாற்ற வேண்டும்.

வெள்ளி காலை பத்து மணிக்குக் கடைசி உத்தரம். வெள்ளை அடித்து வைத்திருக்கிறார்கள். முதலாளி வருகிறார், புகைப்படக்காரர் வருகிறார். வீட்டுக்காரி என் நீலச் சட்டையைத் தேய்த்துவிட்டாள். பழைய சட்டை தொளதொளவென்று இருக்கிறது என்று இது புதிதாக வாங்கியது. தூக்கமே வராது போலிருக்கிறது. வந்தால்தான் நல்லது, இல்லாவிட்டால் அதற்கும் டாக்டரம்மா திட்டுவார்.

ஜூன் 6, சனி

நேற்று எழுதவில்லை. ராத்திரி பூரா ஆஸ்பத்திரியில் இருந்தேன்.

எல்லாம் தயாராக இருந்தது. கீழே மஞ்சள் ஹெல்மெட் கூட்டம். மச்சான் உத்தரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "மாமா, இன்னைக்கு வெண்ணெ இல்ல, நெய் மாதிரி வரணும்," என்றான். இடது கையைத் தூக்கினான். விரல் சுற்றியது. நான் தூக்கினேன். சங்கிலி இறுகி உத்தரம் தரையைவிட்டு ஒரு முழம் எழும்பியது.

விரல் நின்றுவிட்டது.

நானும் நிறுத்தினேன். நிறுத்தச் சொல்வதென்றால் உள்ளங்கையை விரித்துக் காட்டுவான். இது அது இல்லை. கை தானாக இறங்கியது. மறுபடி தூக்கப் பார்த்தான். இடுப்பைத் தாண்டவில்லை.

"மச்சான், என்னடா?"

"ஒண்ணுமில்ல மாமா... தூக்குங்க..." பேச்சு குழைந்தது. வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பேசுகிற மாதிரி.

"ரெண்டு கையையும் தூக்கு."

"இப்பப் போயி... என்ன வெளையாட்டு..."

"டேய், ரெண்டு கையையும் தூக்குடா!"

வலது கை வாக்கி-டாக்கியோடு மேலே போனது. இடது கை தொங்கிக்கொண்டே இருந்தது. அவனுக்கு அது தெரியவே இல்லை. "தூக்கிட்டேன்ல," என்றான்.

கேபின் கடிகாரத்தைப் பார்த்தேன். பத்து மணி பன்னிரண்டு நிமிஷம்.

உத்தரத்தைத் தரையில் வைத்தேன். வெண்ணெய் மாதிரி வைத்தேன், சத்தம் வரவில்லை. கீழே விசில் கத்துகிறார்: "யாருய்யா இறக்கச் சொன்னது? முதலாளி பாத்துட்டு நிக்கறாரு!" "பக்கவாதம்ணே. மச்சானைப் பிடிங்க, விழப் போறான். ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க, நர்ஸைக் கூப்பிடுங்க," என்றேன். அவரோ, "வெயில்ல நின்ன மயக்கமா இருக்கும், யாராச்சும் சோடா குடுங்கப்பா..." "வாயில ஒண்ணும் ஊத்தாதீங்க! ஆம்புலன்ஸ்!" இப்படி ஒரு சத்தம் என் தொண்டைக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

பூட்டிவிட்டு இறங்கினேன். ஒரு மேடையிலும் நிற்கவில்லை. மார்ச் மாதத்தில் இப்படி இறங்கியிருந்தால் நானும் பக்கத்திலேயே படுத்திருப்பேன். மச்சானை மணல் மூட்டைமேல் சாய்த்திருந்தார்கள். வாயின் இடது ஓரம் கீழே இழுத்திருந்தது. நர்ஸ் பட்டையைச் சுற்றிப் பார்த்தார். 210. ஈர்க்குச்சி உடம்பில் 210.

"மாமா, உத்தரம்..." என்றான்.

"மண்ணாங்கட்டி உத்தரம்," என்றேன். விசில் பக்கம் திரும்பி, "நெட்டையை ஏத்துங்க," என்றேன். ஆம்புலன்ஸில் ஏறிவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருவர் முதலில் கேட்டது இதைத்தான்: "எப்ப ஆரம்பிச்சுது? குத்துமதிப்பா வேணாம், சரியாத் தெரியணும். அதை வெச்சுத்தான் ரத்தக்கட்டியைக் கரைக்கற ஊசி போடலாமான்னு முடிவு."

"பத்து மணி பன்னண்டு நிமிஷம்."

"அவ்வளவு நிச்சயமா எப்படிச் சொல்றீங்க?"

"அவன் கையைப் பாக்கறதுதான் சார் என் வேலை."

தலையை ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக்கசிவு இல்லை, அடைப்புதான் என்றார்கள். பிரஷரைக் கொஞ்சம் இறக்கிவிட்டு ஊசி போட்டார்கள்.

ஜூன் 7, ஞாயிறு

பிழைத்துவிட்டான். பேச்சு திரும்பிவிட்டது. கால் நடக்கும் என்கிறார்கள். கை பற்றிப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

டாக்டர் என் மனைவியிடம் கேட்டார்: "குடும்பத்துல யாருக்காவது பக்கவாதம்?"

"எங்க அப்பாவுக்கு."

நான் பக்கத்தில்தான் நின்றேன். மாமனார் ரத்தம் உங்க உடம்புல ஓடாதுங்க. ஓடாதுதான். யார் உடம்பில் ஓடும் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லையே! சிரித்தோமே. கலவை இயந்திரத்துக்குப் பின்னால் ஒளிந்தானே, அதற்கும் சிரித்தோமே.

அந்தப் பொட்டலம். நான் வேண்டாமென்று இறக்கினது எல்லாம் அவன் வயித்துக்குள்ளதான போச்சு. என் உப்பையும் சேர்த்து அவன் தின்னான். நான் மேல உக்காந்து வேடிக்கை பாத்தேன், எனக்கு நாக்கு ஊறுதுன்னு கவலைப்பட்டேன்.

அவளிடம் சொல்லிவிட்டேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, மூக்கைத் துடைத்துக்கொண்டே, "நீங்களா அவன் வாயில ஊட்டினீங்க? சிகரெட்டும் நீங்கதான் பத்த வெச்சீங்களா?" என்றாள். அப்புறம், "கை இறங்கினதை வேற யாரு பாத்திருப்பா?" என்றாள்.

ஜூன் 13, சனி

விரல் அசைந்தது! ஆள்காட்டி விரல்! உள்ளங்கையில் நான் விரலை வைத்திருந்தபோது லேசாகச் சுரண்டினான். நர்ஸைக் கூப்பிட வராந்தாவில் ஓடினேன், துடைத்து வைத்திருந்த தரையில் வழுக்கி விழுந்தேன். "நீங்களும் படுத்துக்கப் போறீங்களா?" என்று கேட்டார்கள். கேட்கட்டும்!

ஜூன் 21, ஞாயிறு

நெட்டை வீட்டுக்கு வந்தான், கையில் ஒரு போட்டோவோடு. உத்தரம் உச்சியில் உட்காருகிற நேரம் எடுத்தது. அன்று மத்தியானமே தூக்கியிருக்கிறான். "வெட்டாமத் தூக்கினேன்ணே," என்றான் தயங்கிக்கொண்டு. "அடுத்த சைட்டுல சீட்டு உங்களுக்குத்தான். நான் கேட்டுட்டேன்."

போட்டோவைக் கூடத்தில் மாட்டச் சொன்னேன். வலிக்குமென்று நினைத்தேன், வலிக்கவில்லை. வெள்ளரிக்காய் நறுக்கி வைத்தாள். நெட்டை உப்பு கேட்டான். மூன்று பேரும் ஒரே குரலில் "இல்லை" என்றோம். மூன்றாவது குரல் மச்சானுடையது, முந்தாநாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவன், கட்டிலில் இருந்து.

ஜூலை 8, புதன்

மச்சான் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். சிகரெட் போயே போயிற்று. வாசல்வரை தானாக நடக்கிறான். கை மார்புவரை வருகிறது, அதற்குமேல் வர மாட்டேன் என்கிறது. சாப்பாட்டைப் பார்த்து, "இது ஜெயில் சோறு," என்கிறான். மூன்று வாரம் பொறு, தக்காளி இனிக்கும் என்றேன். "உங்களுக்கு மூளைலயும் பிரஷர் ஏறிடுச்சு மாமா."

ஜூலை 26, ஞாயிறு

சாப்பிட்டுக்கொண்டே இருந்தவன் நிறுத்திவிட்டுத் தட்டை உற்றுப் பார்த்தான். ஒரு துண்டு தக்காளியை மறுபடி எடுத்து வாயில் போட்டான். என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்ல மாட்டான், எனக்குத் தெரியாதா?

ஆகஸ்ட் 12, புதன்

புது சைட்டில் மூன்றாவது நாள். மேஸ்திரி மட்டும் அதே விசில். புது சிக்னல்மேன் நல்ல பையன், ஆனால் கணக்கு வாத்தியார் மாதிரி பேசுகிறான். வெண்ணெய் எல்லாம் கிடையாது.

பத்து மணிக்குப் பழக்கத்தில் ஜன்னலைத் திறந்து கயிற்றை இறக்கினேன். கட்ட ஆளில்லை என்பது கயிறு தரையைத் தொட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. சுருட்டலாம் என்று இழுத்தால் கனமாக இருந்தது. பை ஏறியது. உள்ளே ஒரு பொட்டலம், உப்பு போடாமல் வறுத்த கடலை. பாதிதான் இருந்தது.

ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். வேலிக்குப் பக்கத்தில் என் மனைவி, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு மச்சான். ஆட்டோவில் வந்திருக்கிறார்கள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல். ஹெல்மெட் கூட மாட்டியிருக்கிறான்.

அவள் தோளிலிருந்து வலது கையை எடுத்தான். தனியாக நின்றான். இடது கை மெதுவாக எழும்பியது. இடுப்பு. மார்பு. அங்கே கொஞ்சம் நின்றது. அப்புறம் தோளைத் தாண்டியது. ஆள்காட்டி விரல் நீண்டு ஒரு சுற்று, கோணலாக, ஆனால் முழுச் சுற்று.

நான் லீவரை இழுத்தேன். வாக்கி-டாக்கியில் விசில் அலறினார்: "யாருக்குய்யா தூக்கற? கொக்கி காலியா இருக்கு!"

"சிக்னல் வந்துச்சுண்ணே," என்றேன்.

வெறும் கொக்கியை உச்சிவரை தூக்கினேன். வெண்ணெய் மாதிரி.